பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள்? எதற்காகக் கற்கிறார்கள்?



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்தால் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும் வேலை நடக்கும். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தாய்மார்கள் வருவார்கள். இந்த முறை ஓர் அம்மா, வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், மகளின் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஓரமாகவே உட்கார்ந்திருந்தார். மகள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து மேசைக்கு வந்தார். "பாய், இதுல பெற்றோர் படிப்புன்னு ஒரு கட்டம் இருக்காம். அதுல என்ன எழுதறது? பொண்ணு முன்னாடி கேக்க வேணாம்னு பார்த்தேன்" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டோம். ஆனால் அவர் கேட்ட விதம் மனத்தை விட்டுப் போகவில்லை. காரணம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்களே பெரியவர்களுக்காக ஒரு மாலை வகுப்பு தொடங்கினோம். பெயர் கொடுத்தவர்கள் இருபத்து மூன்று பேர். மூன்றாவது மாதம் வந்தவர்கள் நான்கு பேர். வகுப்பை நிறுத்திவிட்டு, "படிக்க வருபவர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தோம். அந்த வரி தவறு என்று இப்போது தோன்றுகிறது. ஆர்வம் இல்லாத ஒருவர் அந்த அம்மாவைப் போல ஒரு மணி நேரம் காத்திருந்து கேட்க மாட்டார். பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை நாங்கள்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அந்தப் புரிதலைப் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பிள்ளை கற்பதும் பெரியவர் கற்பதும்

வயதுவந்தோர் கல்வியைப் பற்றி அதிகம் பேசப்படும் பெயர் மால்கம் நோல்ஸ் (1913–1997). அமெரிக்கக் கல்வியாளர். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அப்படியே பெரியவர்கள் மேல் போடக்கூடாது என்பது அவருடைய அடிப்படைக் கருத்து. 1970-ல் வெளிவந்த அவருடைய நூலில் பெரியவர்களுக்குக் கற்பிக்கும் கலைக்கு 'ஆண்ட்ரகாஜி' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் சொன்னவற்றை நம் தெருவில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதலாவது, பெரியவருக்கு 'ஏன்' என்பது தெரிய வேண்டும். பிள்ளையிடம் "இதைப் படி, பின்னால் உதவும்" என்றால் படிக்கும். காலையிலிருந்து மாலை வரை உழைத்துவிட்டு வரும் மனிதருக்கு அந்தப் பதில் போதாது. இன்று கற்றது நாளை எங்கே பயன்படும் என்று அவர் கேட்பார். கேட்பது நியாயம்தான்.

இரண்டாவது, அவர் தன் வாழ்க்கையைத் தானே நடத்துகிறவர். வீட்டில் முடிவெடுப்பவர், கடையில் நாலு பேருக்கு வேலை சொல்பவர். அவரைக் கைகட்டி உட்கார வைத்து, தப்பாகப் படித்தால் அதட்டினால், அடுத்த நாள் வர மாட்டார்.

மூன்றாவது, அவர் வெறும் கையோடு வரவில்லை. வலிமா விருந்துக்குச் சமைக்கும் பண்டாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை பேருக்கு இத்தனை கிலோ அரிசி, அதற்கு இத்தனை கிலோ கறி, இவ்வளவு எண்ணெய் என்று தாளும் பேனாவும் இல்லாமல் சொல்லிவிடுவார். அது விகிதக் கணக்கு. தையல் மிஷின் வைத்திருக்கும் அக்கா ஒரு மீட்டர் துணியில் எத்தனை சட்டை விழும் என்று கண்ணால் அளப்பார். அது பரப்பளவு. இவர்களுக்குக் கணக்கு தெரியும். அதை எழுதும் முறைதான் தெரியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நான்காவது, பெரியவரின் படிப்பு ஒரு பிரச்சினையைச் சுற்றி நடக்கும். 'தமிழ்', 'கணிதம்' என்று பாடம் பாடமாகப் பிரித்து அவர் யோசிப்பதில்லை. வாடகை ஒப்பந்தம் படிக்க வேண்டும், மருந்துச் சீட்டில் காலையா இரவா என்று பார்க்க வேண்டும், மகனின் பள்ளியிலிருந்து வரும் செய்தி புரிய வேண்டும் என்றுதான் யோசிப்பார்.

தேர்வு, சான்றிதழ், சம்பள உயர்வு எல்லாம் அவரைத் தூண்டும் என்பதை நோல்ஸ் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைவிட மரியாதை, தன்னம்பிக்கை, பிறரை நம்பி நிற்காத நிலை ஆகிய உள்ளார்ந்த தூண்டுதல்கள் வலுவானவை என்றார். பிள்ளைக்கும் பெரியவருக்கும் இடையே தான் போட்ட கோடு அவ்வளவு கறாரானது இல்லை என்றும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். முற்றிலும் புதிய பாடம் என்றால் பெரியவருக்கும் கைபிடித்துச் சொல்லித்தர ஆள் வேண்டும். அரபு எழுத்தை முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் ஐம்பது வயதுக்காரருக்கு அலிஃபும் பாவும் ஒவ்வொன்றாகத்தான் சொல்லித்தர வேண்டும்.

'வயசாயிடுச்சு, மண்டையில ஏறாது'

வகுப்புக்கு அழைக்கும்போது நாங்கள் அதிகம் கேட்ட பதில் இது. உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1928-லேயே இதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட யாரும், தனக்கு வயதாகிவிட்டது என்ற எண்ணத்தால் கற்பதிலிருந்து ஒதுங்க வேண்டியதில்லை என்பது அவர் கண்ட முடிவு. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் இந்த வயது வரம்பையும் தளர்த்திவிட்டன. வயது ஏற ஏற வேகம் குறையும். புதிதாகக் கேட்ட பெயரோ எண்ணோ சட்டென்று நினைவில் நிற்காது. ஆனால் சொல்வளமும், ஏற்கெனவே தெரிந்ததோடு புதியதை இணைத்துப் புரிந்துகொள்ளும் திறனும் முதுமை வரை நன்றாக நிற்கும். ஆகவே பெரியவருக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், எழுத்தைப் பெரிதாக அச்சிட வேண்டும், கண்ணாடி தேவையா என்று முதலில் பார்க்க வேண்டும். மண்டையில் ஏறவில்லை என்று நினைத்த பலருக்கு உண்மையில் எழுத்து சரியாகத் தெரியவே இல்லை.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல் அந்த மாநிலத்தின் எழுத்தறிவுத் தேர்வை எழுதியபோது அவருக்கு வயது 96. நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார்.

நமக்கு இது புதிய செய்தியும் இல்லை. நபி (ஸல்) அவர்களின் தோழர்களில் பெரும்பாலோர் பெரியவர்களான பிறகே கற்கத் தொடங்கியவர்கள். மதீனாப் பள்ளிவாசலின் திண்ணையில் தங்கியிருந்த ஏழைத் தோழர்கள் அங்கேயே கற்றார்கள். பகலில் தண்ணீர் சுமந்தும் விறகு விற்றும், இரவில் ஓதக் கற்றும் வாழ்ந்த தோழர்களைப் பற்றி ஹதீஸ்களில் படிக்கிறோம். உழைப்புக்குப் பிறகு படிப்பு என்பது நம் மரபில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது.

எது அவர்களை இழுத்து வருகிறது?

சிரில் ஹவுல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் விடாமல் கற்றுக்கொண்டே இருக்கும் 22 பெரியவர்களை நீண்ட நேரம் பேட்டி கண்டு, 1961-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கற்பவர்களை அவர் மூன்று வகையாகப் பார்த்தார்.

ஒரு வகையினருக்குக் குறிப்பிட்ட இலக்கு இருக்கும். பதவி உயர்வுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும் என்று வருவார்கள். இரண்டாவது வகையினருக்குக் கூடியிருப்பதே பெரிது. வீட்டு வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் நாலு பேரோடு உட்கார்ந்து பேச முடிகிறதே என்று வருவார்கள். மூன்றாவது வகையினர் தெரிந்துகொள்ளும் ஆசைக்காகவே வருகிறவர்கள். ஓதும் வசனத்தின் பொருள் தமிழில் என்ன என்று அறிய விரும்பும் பெரியவர் இந்த வகை. ஒரே ஆளிடம் மூன்றும் கலந்திருக்கலாம் என்பதையும் ஹவுல் சொல்லியிருக்கிறார்.

எங்கள் பழைய வகுப்பில் எல்லோரையும் முதல் வகை என்றே எண்ணினோம். சான்றிதழ் கிடைக்கும் என்று சொல்லி அழைத்தோம். உள்ளே வந்தவுடன் பேச்சுச் சத்தம் கூடாது என்றோம். பேசுவதற்காகவே வந்த பெண்கள் இரண்டு வாரத்தில் நின்றதில் வியப்பில்லை.

நம் பாலவாக்கத்தில் இந்தத் தேவைகள் எப்படி மாறியிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2011-ல் நம் ஊராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடைகளும் அடுக்குமாடிகளும் பெருகின. பக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. குப்பத்தில் கடலுக்குப் போனவர்களின் பிள்ளைகளும், சிறு கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் இன்று காவலாளியாக, ஓட்டுநராக, உணவு கொண்டுபோய்க் கொடுப்பவராக வேலை பார்க்கிறார்கள். இந்த வேலை எதையும் இப்போது எழுத்து இல்லாமல் செய்ய முடியாது. வாசலில் வருகைப் பதிவேடு எழுத வேண்டும். ஃபோனில் வரும் முகவரியைப் படிக்க வேண்டும். வங்கியிலிருந்து என்று சொல்லி ஓடிபி கேட்பவன் ஏமாற்றுக்காரன் என்று தெரிய வேண்டும். கைநாட்டு வைத்து ஒரு தலைமுறை சமாளித்தது. இந்தத் தலைமுறை படிக்கத் தெரியாமல் ஃபோனை இன்னொருவர் கையில் கொடுத்தால் அதோடு வங்கிக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கிறது.

புதுக்கோட்டையின் சைக்கிள்

நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் மரத்தடியிலும் எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள். கற்க வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கூலி வேலைக்கும் கல் உடைக்கவும் போனவர்கள்.

அந்த இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்பித்தது. கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசிய காலம் அது. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியதால் நாடு முழுவதும் தெரிந்தது. முதலில் துணிந்து ஓட்டியவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள் என்பதை அவர் பதிவு செய்திருக்கிறார்.

எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு? பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்க, பொருளைச் சந்தைக்குக் கொண்டு போக, பிள்ளையைப் பள்ளியில் விட, யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றானது. 'என்னால் முடியும்' என்ற எண்ணம் காலில் வந்த பிறகு கைக்கு வந்தது. அதே மாவட்டத்தில் பெண்கள் குழுக்களுக்குக் கல்குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. கணக்கு தெரியாமல் கூலி வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு எத்தனை லோடு போனது, எவ்வளவு பணம் வர வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தது. தேவை வந்ததால் படிப்பு நின்றது, மனத்தில்.

இதன் மறுபக்கமும் உண்டு. இயக்கம் முடிந்து, படிக்கப் புத்தகமும் எழுதத் தேவையும் இல்லாமல் போனவர்களில் பலர் கற்ற எழுத்தை மறந்தார்கள். எழுத்தறிவு இயக்கங்கள் நடந்த இடங்களிலெல்லாம் காணப்பட்ட பிரச்சினை இது. கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. கற்றதைத் தினமும் பயன்படுத்த வழி வேண்டும்.

மலப்புறத்துச் சகோதரிகள், நாகூர் எழுத்தாளர்

கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பை வாசித்தவர் அமைச்சர் இல்லை. மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த, முதுமையில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட செலக்காடன் ஆயிஷா என்ற முஸ்லிம் பெண்மணி.

அதே மாவட்டத்தில் திரூரங்காடி அருகே வெள்ளிலக்காட்டில் கே.வி. ராபியா வாழ்ந்தார். போலியோவால் கால்கள் செயலிழந்தவர். 1990-ல் தன் வீட்டிலேயே ஊர்ப் பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார். எல்லா வயதினரும் வந்தார்கள். அந்த வகுப்பின் பேச்சு ஊரின் தேவைகள் பக்கம் திரும்பியது. சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்கள். அப்படிக் கிடைத்த சாலைக்கு 'அட்சர சாலை' என்று பெயர். 2022-ல் ராபியாவுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2025 மே மாதம் அவர் காலமானார்.

நம் தமிழ் முஸ்லிம்களிடையே நாகூர் சித்தி ஜுனைதா பேகம் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். இளம் வயதிலேயே திருமணம், இளம் வயதிலேயே கணவரின் மறைவு. வீட்டில் இருந்தபடியே விடாமல் படித்தார். 1938-ல் வெளிவந்த அவருடைய 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கினார். பள்ளி நின்ற இடத்தில் அவருடைய படிப்பு நிற்கவில்லை.

முந்தைய தலைமுறைப் பெண்கள் எழுத்தே அறியாதவர்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த பாட்டிமார்கள் இருந்தார்கள். தமிழ் எழுத்து தெரியாததால் அவர்களைப் படிக்காதவர்கள் என்றார்கள். இன்றும் குர்ஆனைத் தடையின்றி ஓதும் பல தாய்மார்களுக்குத் தமிழ் எழுத்து கூட்டத் தெரியாது. ஓர் எழுத்து முறையை ஏற்கெனவே கற்றவருக்கு இன்னொன்றைக் கற்பது எவ்வளவோ எளிது. "நீங்கள் ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவர்" என்று சொல்லித் தொடங்கினால் போதும்.

'அம்மா, ஆடு' வேண்டாம், 'படகு' போதும்

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேர வகுப்புகளில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். அவர் முறை எளிது. முதலில் அந்த மக்கள் தினமும் பேசும் சொற்களைச் சேகரிப்பார். கட்டட வேலை செய்பவர்களுக்குச் 'செங்கல்' போன்ற ஒரு சொல். அதைப் பற்றி முதலில் பேச்சு நடக்கும். பிறகு அந்தச் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, அதன் எழுத்துகளைக் கொண்டு புதிய சொற்களைக் கற்பவர்களே உருவாக்குவார்கள்.

தமிழுக்கு இது நன்றாகப் பொருந்தும். 247 எழுத்து என்று கேட்டவுடன் பெரியவர்கள் மலைத்துப் போகிறார்கள். நம் குப்பத்துச் சகோதரருக்குப் 'படகு' என்ற ஒரே சொல்லை எடுப்போம். ப, ட, க என்ற மூன்று எழுத்துக் குடும்பங்கள் இதில் இருக்கின்றன. கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவற்றை இந்த மூன்றோடு சேர்த்துக் காட்டினால் படி, கடை, கூடை, பெட்டி, பாட்டி, பட்டா, பாக்கி எல்லாம் அவரே எழுதிவிடுவார். 'பாக்கி' என்று தன் கையால் எழுதியவர் கடைக்காரர் நோட்டில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குவார். அங்கேதான் உண்மையான படிப்பு ஆரம்பிக்கிறது. அடுத்த வாரம் 'வாடகை', அதற்கடுத்து 'மருந்து' என்று போகலாம்.

எங்கள் பழைய வகுப்பில் முதல் வகுப்புப் பிள்ளைகளின் பாடநூலைத்தான் கொடுத்தோம். பேரனின் புத்தகத்தைப் பேரன் முன்னாலேயே விரித்துப் படிக்க எந்தத் தாத்தாவுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஏன் நின்றுவிடுகிறார்கள்?

பெட்ரீஷியா கிராஸ் என்ற ஆய்வாளர் 1981-ல் வெளியிட்ட நூலில் பெரியவர்களின் படிப்புக்கு வரும் தடைகளை மூன்றாகப் பிரித்தார். அந்தப் பட்டியலை வைத்து எங்கள் வகுப்பை நாங்களே சோதித்தோம்.

வாழ்க்கைச் சூழலின் தடை முதலாவது. நேரம், பணம், கைக்குழந்தை, வீட்டு வேலை. நாங்கள் இஷாவுக்குப் பிறகு வகுப்பு வைத்தோம். ஆண்களுக்கு வசதி. பெண்களுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு எதுவும் செய்யவில்லை.

நடத்துபவர்கள் உண்டாக்கும் தடை இரண்டாவது. மூன்று நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று விதி போட்டோம். ஒரு வாரம் மகளின் பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரத் தயங்கினார்.

மனத்தின் தடை மூன்றாவது. கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கனமானது. 'படித்து என்ன ஆகப்போகிறது', 'தப்பாகப் படித்தால் சிரிப்பார்களே' என்ற எண்ணம். ஒவ்வொருவராக எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னோம். தயங்கியவர்கள் முதலில் நின்றுபோனார்கள். பள்ளியில் சிறு வயதில் அடிவாங்கி நின்றவருக்கு வகுப்பறையின் வாசனையே பயத்தைக் கொண்டுவரும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களின் எழுத்தறிவு 73.44 சதவீதம். பெண்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு வைப்பது சலுகை இல்லை என்பதற்கு இந்த இடைவெளியே போதுமான காரணம்.

இப்போது இருக்கும் வழிகள்

எழுதப் படிக்கத் தெரியாத, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022–27) நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் இதைப் பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம் நடத்துகிறது. தன்னார்வலர்கள் கற்பிக்கிறார்கள். முடிவில் வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஒவ்வொன்றுக்கும் 50 என்று 150 மதிப்பெண்ணுக்கு எளிய தேர்வு உண்டு. எழுத்தோடு பணம், சட்டம், டிஜிட்டல் பயன்பாடு போன்ற வாழ்க்கைத் திறன்களும் இத்திட்டத்தில் அடங்கும்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்.ஐ.ஓ.எஸ்.) நல்ல வழி. பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14; உச்ச வயது வரம்பு இல்லை. எட்டாம் வகுப்புச் சான்று இல்லாதவர்கள், பத்தாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் அளவுக்கு அறிவு பெற்றிருக்கிறேன் என்று தாமே உறுதிமொழி எழுதிக் கொடுத்துச் சேரலாம். ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். தமிழிலும் எழுதலாம். மனையியல், ஓவியம் போன்ற பாடங்களையும் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு உண்டு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும். அதற்குள் ஒன்பது முறை வரை தேர்வெழுதலாம். ஒரு பாடத்தில் தேறினால் அந்தத் தேர்ச்சி கணக்கில் நிற்கும். குடும்பப் பெண்களுக்கு இந்த வசதி மிகவும் பயன்படும். ஆண்டுக்கு ஒரு பாடம் என்று எடுத்தாலும் ஐந்து ஆண்டில் முடித்துவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு 1985-ல் தொடங்கப்பட்ட இக்னோ, 2002-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி ஆகியவை இருக்கின்றன. ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலையில் சிக்கல் வராது. 'ஒரே ஆண்டில் பட்டம்', 'தேர்வே எழுதாமல் சான்றிதழ்' என்று யாராவது பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எதிலும் சேராமல் படிக்க விரும்புகிறவர்களுக்குக் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பெரியவர் ஒருவர் படிக்கத் தொடங்கினால் வீட்டாரின் ஒரு சொல் அவரைத் தாங்கும், ஒரு சிரிப்பு அவரை நிறுத்திவிடும். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பத்து நொடி பொறுங்கள். அவரே சொல்வார். கையெழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். மளிகைச் சாமான் பட்டியலை அவரையே எழுதச் சொல்லுங்கள். மின் கட்டணச் செய்தி வந்தால் ஃபோனை அவர் கையில் கொடுத்துத் தொகையைக் கேளுங்கள். கணவன்மார்கள் வாரத்தில் மூன்று மாலை ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அது எந்த நன்கொடைக்கும் குறைந்ததில்லை.

வகுப்பை மறுபடி தொடங்குகிறோம். இந்த முறை பெண்களுக்கு அஸருக்கு முன், ஆண்களுக்கு இஷாவுக்குப் பின் என்று தனித்தனி நேரம். பெண்கள் வகுப்பின்போது கைக்குழந்தைகளைப் பக்கத்து அறையில் நம் கல்லூரி மாணவிகள் பார்த்துக்கொள்வார்கள். வராத நாளுக்குக் கேள்வி இல்லை. எப்போது திரும்பி வந்தாலும் இடம் உண்டு. யாரையும் எழுந்து நின்று படிக்கச் சொல்ல மாட்டோம். பேசலாம், டீ உண்டு. எல்லாச் சமுதாயத்தவரும் வரலாம். கற்பிக்க முன்வருபவர்கள் ஆசிரியர் பயிற்சி பெற்றிருக்க வேண்டியதில்லை. பொறுமையும், பெரியவர்களைப் பெரியவர்களாக நடத்தும் பழக்கமும் போதும்.

விண்ணப்பக் கட்டத்தைப் பற்றிக் கேட்ட அம்மாவிடம் சென்ற வாரம் இதைச் சொன்னோம். "நோட்டுப் பேனா வாங்கிட்டு வரணுமா பாய்?" என்று கேட்டார். அதை நாங்களே தருகிறோம். வருகிறவர்கள் ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் போதும். வாடகைச் சீட்டு, மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகம், மகளின் பள்ளி விண்ணப்பம், எதுவாகவும் இருக்கலாம். இவ்வளவு நாள் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்ன ஒரு தாளை எடுத்து வாருங்கள். முதல் பாடம் அதிலிருந்துதான்.